தீயை ஒழித்த வாளியார்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது. கல்லோடு கல்லை உரசியதோடு தன் வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். பொறுப்பில்லாத ஆள். ஆனால் அந்த நெருப்பை ஒழித்தவர் யார் என்பதில் உலகத்துக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாம். தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், தராசுப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்த வாளியார்தான் அவர். மனித குலம் காலங்காலமாகச் செய்துவந்த தவற்றை ஒரே ஆண்டில், அதுவும் அலுவலக நேரத்துக்குள்ளேயே, அவர் திருத்தினார்.

வாளியார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. 'தீப் பாதுகாப்பு அதிகாரி' என்ற கூடுதல் பொறுப்போடு சேர்ந்து வந்த பெயர். அந்தப் பொறுப்புக்கு அவரைத் தேர்ந்தெடுத்த முறையும் மிக நியாயமானது. கூட்டத்தில் மேலாளர், இதை யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். தாமதமாக வந்த நம்மவருக்கு மேசையருகே இடம் கிடைக்கவில்லை. சுவரோரம், சிவப்பு மணல் வாளிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து பார்க்க அவருக்கு மேசை இல்லாததால் மேலாளரின் கண்ணில் பட்டார். "வாளி பக்கத்துலயே இருக்கார், அவரே பார்க்கட்டும்" என்று மேலாளர் பொறுப்பை அவர் தலையில் கட்டினார். அன்று மாலையே அலுவலகம் முழுக்க அவர் வாளி ஆனார். வயதுக்கு மரியாதை கொடுத்து மறுநாள் வாளியார் ஆனார்.

வேறொருவராக இருந்தால் அந்தப் பொறுப்பை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு மறந்திருப்பார். வாளியாரால் அப்படி மறக்க முடியவில்லை. காரணம், அவர் வீட்டுக் கூடத்தில் இருந்த கண்ணாடி அலமாரி.

அந்த அலமாரியின் நடுத்தட்டில் ஒரு பதக்கம் இருந்தது. அவருடையது அல்ல, அவர் மனைவியின் தம்பியுடையது. மச்சினன் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவன். துணிக் கிடங்கு ஒன்று பற்றி எரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவர்களைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவன். அதற்குக் கொடுத்த பதக்கத்தை வைக்கத் தன் அறையில் இடமில்லை என்று அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அக்கா தன் கல்யாணப் படத்தைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டுப் பதக்கத்தை நடுத்தட்டில் ஏற்றினாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் பதக்க தரிசனம்தான். மனைவி கதையைச் சொல்லி முடித்ததும், வந்தவர்கள் ஒரு மரியாதைக்காக வாளியார் பக்கம் திரும்பி, "நீங்க?" என்பார்கள். "இவர் ஆபீஸ்ல இருக்கார்" என்பாள் மனைவி. அதில் பொய் ஒன்றும் இல்லை. குத்தலும் இல்லை. அவள் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவள் அல்ல. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் வாளியாருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. தன் வீட்டில், தான் வாங்கிப் போட்ட அலமாரியில், தனக்கென்று ஒரு பொருள் இல்லையே என்று அவர் ஏங்கினார்.

அப்போதுதான் தலைமை அலுவலகம் ஓர் அறிவிப்பை அனுப்பியது. ஓராண்டு முழுக்கத் தீ விபத்தே நடக்காத அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு 'தீயில்லா அலுவலகம்' என்ற கேடயம் வழங்கப்படும். தேக்கு மரம், பித்தளைத் தகடு. வாளியார் அன்று வீட்டுக்குப் போனதும் அளவு நாடாவை எடுத்து அலமாரியின் நடுத்தட்டை அளந்தார். அளப்பது அவர் தொழில். பதக்கத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளினால் கேடயம் தாராளமாக உட்காரும்.

இனி அவர் செய்த சீர்திருத்தங்களைப் பார்ப்போம்.

தீப்பிடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டால் சாமானியர்கள் அடுப்பைக் கவனி, ஒயரைப் பார், வழியை மறிக்காதே என்று என்னென்னவோ சொல்வார்கள். வாளியார் வேரிலேயே கைவைத்தார். அலுவலகத்தில் நெருப்பு எரிந்தது ஒரே இடத்தில்தான். மாடிக் கோடியில் ஒரு சின்னச் சமையலறை, அதில் ஓர் அடுப்பு, அதன் எதிரே டீ மாஸ்டர். பால் பொங்கிவிடுமோ என்ற கவலையில் அந்த மனிதர் அடுப்பை விட்டு ஓர் அடி நகர மாட்டார். போகும்போது வால்வை மூடிவிட்டு, மூடியிருக்கிறதா என்று திரும்பி வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். ஒரே இடத்தில், ஒரே ஆளின் கண் முன்னால் நெருப்பு எரிவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை முதலில் உணர்ந்தவர் வாளியார்தான். அடுப்பு அகற்றப்பட்டது. டீ மாஸ்டர் 'பொது உதவியாளர்' ஆக்கப்பட்டு, காலியான சமையலறையைக் காக்க நியமிக்கப்பட்டார்.

அன்றிலிருந்து டீ தெருமுனைக் கடையிலிருந்து பிளாஸ்கில் வந்தது. மாடி ஏறி வருவதற்குள் அது டீயாக இருந்த காலத்தை மறந்திருக்கும். ஊழியர்கள் ஒரு வாரம் பொறுத்தார்கள். பிறகு யாரும் யாரிடமும் சொல்லாமல், எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

முதலில் தட்டச்சர் அம்மாவின் கீழ் இழுப்பறைக்குள் ஒரு மின்கெட்டில் வந்தது. அப்புறம் கணக்கர் மேசைக்கடியில் ஒன்று. முத்திரைப் பிரிவில் பழைய எடைக்கற்கள் அடுக்கிய தட்டுக்குப் பின்னால் ஒன்று. மேலாளர் அறையில் ஜன்னல் திரைக்குப் பின்னால் விசிலடிக்காத உயர்ந்த ரகம் ஒன்று. ஒரு சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு நீட்டிப்புப் பலகை, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று ஒயர்கள் காகிதக் கட்டுகளுக்கு அடியில் கொடி மாதிரி படர்ந்தன. முன்பு ஓரிடத்தில் இருந்த சூடு இப்போது எல்லா மேசைகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. குடித்து முடித்த டீ பைகளை எங்கே போடுவது என்ற சிக்கல் வந்தது. யாரும் எட்டிப்பார்க்காத இடம் அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: மணல் வாளிகள்.

இவ்வளவும் வாளியாருக்குத் தெரியாதா என்று கேட்கக் கூடாது. கண்ணில் படாததைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் நிர்வாகம். தவிர, ஆறின டீ அவருக்கும் இறங்கவில்லை.

அவர் வீட்டில் ஒரு கெட்டில் இருந்தது. புது வீட்டுக்குக் குடிவந்தபோது மச்சினன் வாங்கிக் கொடுத்தது, மஞ்சள் நிறம். ஒரு காலையில் அவர் அதை எடுத்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்து மனைவி எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டாள்.

"இது வீட்ல இருக்கறது ஆபத்து."

"நான்தான் பக்கத்துல நின்னு தண்ணி காயவைக்கிறேன். என்ன ஆபத்து?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. பாதுகாப்பான இடத்துல வைக்கப்போறேன்."

அவள் ஆபீஸ் விஷயம் தனக்கெதற்கு என்று விட்டுவிட்டாள். பாதுகாப்பான அந்த இடம், அலுவலகத்தில் அவர் அறையில் இருந்த இரும்பு அலமாரி. அதன் கதவில் 'தீயணைப்புக் கருவிகள். திறக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே மேல்தட்டில் காகிதக் கட்டுகள், கீழ்த்தட்டில் மஞ்சள் கெட்டில். பின்பக்கம் ஓட்டை போட்டு ஒயரை வெளியே இழுத்திருந்தார். தட்டின் உயரம் போதாததால் கெட்டிலின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டார். மூடி இருந்தால்தான் தண்ணீர் கொதித்ததும் அது தானாக அணையும். ஆனால் பக்கத்தில்தானே இருக்கிறோம், கொதிக்கும்போது நாமே அணைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. சாவி அவர் சட்டைப் பையில்.

அடுத்த சீர்திருத்தம் மொழித் துறையில் நடந்தது. மாதாந்திர அறிக்கையில் 'தீ' என்ற சொல் மிக அதிகமாக வருகிறது, தீயில்லா அலுவலகத்துக்கு இது அழகா என்று வாளியார் கூட்டத்தில் வருத்தப்பட்டார். மேலாளரும் வருந்தினார். கணக்கர் 'சூடு' என்று எழுதலாம் என்றார். அது பேச்சு வழக்கு என்று தள்ளுபடியானது. கடைசியில் 'வெப்ப நிகழ்வு' என்று ஏகமனதாக முடிவாயிற்று. இனி அறிக்கையிலோ உரையாடலிலோ யாரும் பழைய சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

தட்டச்சர் அம்மா மட்டும் கையைத் தூக்கினார். "சார், நிஜமாவே பிடிச்சுக்கிச்சுன்னா என்னன்னு கத்துறது?"

"தீயில்லா அலுவலகத்துல எப்படிம்மா பிடிக்கும்?" என்றார் வாளியார். "இந்தக் கேள்வியே விதிமீறல்." அவரே பழைய சொல்லைச் சொல்லிவிட்டதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. அதிகாரிகளுக்கு விலக்கு உண்டு.

ஊழியர்களின் அறிவை வளர்க்கத் தினமும் பதினொரு மணிக்கு அவர் திரையில் படம் காட்டிப் பேசுவார். தலைப்பு 'வெப்ப நிகழ்வில்லா வாழ்வு'. சொல்லிவைத்த மாதிரி அதே நேரத்துக்கு எல்லா இழுப்பறைகளிலும் தண்ணீர் காயும். படாரென்று ஃபியூஸ் போய் மாடியே இருண்டுவிடும். இரண்டாம் படத்தைத் தாண்டி அவர் உரை ஒரு நாளும் போனதில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இது அடிக்கடி போகாமல் இருக்க என்ன வழி என்று கேட்டார்.

"ஃபியூஸ் போறது நல்லதுதான் சார். லோடு அதிகமா இருக்குன்னு சொல்லுது."

"யார்கிட்ட சொல்லுது?"

"உங்ககிட்டதான் சார்."

"நான் கேட்டேனா?"

எலக்ட்ரீஷியன், வேண்டாம் சார் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தடித்த செம்புக் கம்பியை முறுக்கி ஃபியூஸில் கட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு மின்சாரம் போகவே இல்லை. சுவிட்ச் போர்டுகள் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன. பாதுகாப்பு உரை தடங்கலில்லாமல் நடந்தது.

கூரையில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருந்தது. கொஞ்சம் புகையோ ஆவியோ போனாலும் கீச்சுகீச்சென்று கத்தும். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்வது வதந்தி பரப்புவதல்லவா? வாளியார் நாற்காலி மேல் ஏறி, அதற்குப் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் வளையம் போட்டு அடக்கினார். சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளைகளின் சிவப்பு நிறம் மனதில் பயத்தைக் கிளப்புகிறது என்று அவற்றுக்கு இளநீல வண்ணம் பூசச் சொன்னார். பெயிண்டர் வேலையில் சுத்தமான ஆள். கைப்பிடி, இழுத்துத் திறக்கும் ஊசி, குழாய் முனை என்று எதையும் விடாமல் எல்லாவற்றின் மீதும் கனமாக மூன்று பூச்சு பூசினார்.

இவற்றுக்கெல்லாம் மணிமகுடம் அந்தப் புத்தகம். 'வெளியேறும் வழியை மறிக்காதீர்' என்ற தலைப்பில் வாளியாரே எழுதி, அலுவலகச் செலவில் அச்சடித்தது. அச்சகத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கின கட்டுகளை எங்கே வைப்பது என்று யோசித்தார்கள். அவசரகாலப் படிக்கட்டு சும்மாதான் கிடந்தது. கீழிருந்து மேல்வரை அழகாக அடுக்கிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்தான். சாப்பிட்டு முடித்து, டீ போடலாம் என்று எழுந்து, "அக்கா, நான் குடுத்த கெட்டில் எங்க?" என்று கேட்டான். மாமா பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்கிறாராம் என்றாள் அக்கா. அவன் சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தான். வாளியார் செய்தித்தாளுக்குள் முகத்தை இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டார். அவர் கண் அடிக்கடி நடுத்தட்டுக்குப் போய் வந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஓராண்டு முடிந்தது. ஒரு தீப்பொறி கூட அறிக்கையில் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு கேடயத்தோடு புறப்பட்டு வந்தது.

விழாவுக்கு வாளியார் மனைவியை அழைத்திருந்தார். மச்சினனையும் அழைத்தார், அவனுக்குத்தான் முக்கியமாகக் காட்டவேண்டியிருந்தது. ஆனால் அவனுக்கு அன்று பணி. மனைவி முதல் தடவையாகக் கணவனின் அலுவலகத்துக்கு வந்தாள். வாளியார் பெருமையோடு சுற்றிக் காட்டினார். படிக்கட்டில் என்ன இவ்வளவு கட்டு என்று கேட்டாள். பாதுகாப்பு என்றார். அந்தப் பெட்டிக்கு ஏன் பை மாட்டியிருக்கிறது என்றாள். தூசி படாமல் இருக்க என்றார். இந்த போர்டு ஏன் இப்படிச் சுடுகிறது என்று கையை எடுத்துக்கொண்டாள். உனக்கு எல்லாமே சந்தேகம் என்றார்.

"உங்ககிட்ட எல்லாத்துக்கும் பதில் இருக்குங்க" என்றாள் அவள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

மேடையேறுவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்று அவர் நினைத்தார். அறைக்குள் போய், அலமாரியைத் திறந்து, கெட்டிலைப் போட்டார். தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பித்தபோது கணக்கர் ஓடி வந்து, எல்லாரும் காத்திருக்கிறார்கள், மேடைக்கு வாருங்கள் என்றார். வாளியார் அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் அலமாரிக் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மேலாளர் தொடங்கி முத்திரைப் பிரிவு வரை மற்றவர்களும் விழா முடிந்ததும் குடிக்கலாம் என்று கெட்டில்களின் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் கூடத்துக்கு வந்திருந்தார்கள்.

குழுத் தலைவர் பாராட்டுரையை வாசித்தார். "இந்த அலுவலகத்தில், ஓராண்டுக் காலமாக, ஒரு தீக்குச்சி கூட..." என்று அவர் நிறுத்தி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, கூடத்தின் வாசல் வழியாக மெல்லிய வெண்புகை தரையோடு தரையாக வந்து மேடையைச் சூழ்ந்தது. தலைவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, மேடை அமைப்பு பிரமாதம் என்று மேலாளரிடம் சொன்னார். மேலாளர் நன்றி தெரிவித்தார்.

தட்டச்சர் அம்மா வியர்த்து விறுவிறுக்க மேடையேறி, வாளியார் காதருகே குனிந்தார். "சார், உங்க ரூம்ல ஒரு வெப்ப நிகழ்வு."

"அப்புறம் பார்க்கலாம்மா. அடுத்தது கேடயம்தான்."

"பெரிய வெப்ப நிகழ்வு சார். கதவுக்கடியில வெளிச்சம் தெரியுது."

வாளியாருக்குக் கெட்டில் ஞாபகம் வந்தது. குழுத் தலைவர் இரண்டு கைகளிலும் கேடயத்தை ஏந்திக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றார். தேக்கு மரம், பித்தளைத் தகடு. கூடத்து மூலையில் தொலைபேசி இருந்தது. வாளியார் மெதுவாக நடந்துபோய், ஒன்றும் நடக்காதவர் மாதிரி எண்ணைச் சுழற்றினார். தீயணைப்பு நிலையத்தில் எடுத்தது மச்சினன்.

"மாப்ள, நான்தான் பேசுறேன். இங்க ஆபீஸ்ல ஒரு சின்ன வெப்ப நிகழ்வு."

"ஏசி ரிப்பேரா மாமா? அதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"அது இல்ல மாப்ள. வெப்பம் கொஞ்சம் வரம்பு மீறி, அதாவது, வெளிச்சத்தோட சேர்ந்து..."

கேடயத்தோடு தலைவர் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. இரண்டெழுத்துச் சொல் கூட வேண்டாம், ஓரெழுத்துச் சொல். அது தொண்டையில் நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது. மனைவி எழுந்து வந்து தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"தம்பி, ஆபீஸ் தீப்பிடிச்சு எரியுது. உடனே வா."

ஒழிக்கப்பட்ட சொல்லை அவள் உரக்கச் சொன்ன பிறகுதான் அத்தனை பேரும் எழுந்து ஓடத் தொடங்கினார்கள். கணக்கர் ஓர் இளநீல உருளையைத் தூக்கி ஊசியை இழுத்தார். பெயிண்ட் விடவில்லை. டீ மாஸ்டரும் இன்னொருவரும் மணல் வாளியைத் தூக்கி வாளியார் அறை வாசலில் கவிழ்த்தார்கள். மணலோடு ஓராண்டு டீ பைகள் சொதசொதவென்று விழுந்தன. அந்த ஈரம் வாசலில் நெருப்பைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தியது என்பதையும் நன்றியோடு பதிவு செய்ய வேண்டும்.

வழக்கமான படிக்கட்டு அந்த அறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே போக முடியாதபடி புகை. மிச்சம் இருந்தது அவசரகாலப் படிக்கட்டுதான். அதில் ஆள் உயரத்துக்குப் புத்தகங்கள். வரிசையாக நின்று கட்டுகளைக் கைக்குக் கை மாற்றிப் பின்னால் எறிந்தார்கள். மேலாளர், குழுத் தலைவர், தட்டச்சர் அம்மா, வாளியாரின் மனைவி என்று எல்லார் கையிலும் 'வெளியேறும் வழியை மறிக்காதீர்' ஏறி இறங்கியது. அந்தப் புத்தகத்தின் தலைப்பை அலுவலகம் முழுவதும் கவனமாகப் படித்தது அன்றுதான். இருமிக்கொண்டும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டும் எல்லாரும் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வாளியாரைத் தவிர.

மனைவி கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து தேடினாள். கடைசியாக அவரைப் பார்த்தது யார் என்று கேட்டாள். கணக்கர் தயங்கித் தயங்கி, சார் கையில் சாவியோடு தன் அறைப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்றார். அவள் அப்படியே தெரு ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. முகமூடியை மாட்டிக்கொண்டு முதலில் உள்ளே ஓடினது அவள் தம்பி.

அவன் திரும்பி வந்தபோது தோளில் மாமா தொங்கிக்கொண்டிருந்தார். முகம் முழுக்கக் கரி, வலது கையில் அலமாரிச் சாவி. அலமாரிக்கு எதிரே முழங்காலில் நின்று பூட்டுத் துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தாராம். ஆளைக் காப்பாற்றப் போகவில்லை, கோப்புகளைக் காப்பாற்றப் போகவில்லை. யாரும் பார்ப்பதற்குள் ஒரு கெட்டிலை எடுத்து மறைக்கப் போயிருந்தார். கிடங்கிலிருந்து தூக்கி வந்தவர்களின் கதையை எத்தனையோ தடவை கேட்டவர், அதே தோளில் தலைகீழாக வந்து மனைவியின் காலடியில் இறங்கினார்.

அவள் அவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். தண்ணீர் குடிக்கவைத்தாள். மூச்சு சீராக வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதற்குள் தம்பி மறுபடி உள்ளே போய், நெருப்பு அடங்கின அலமாரியைப் பெயர்த்துத் திறந்து, ஏதோ ஒன்றை இடுக்கியில் பிடித்துக்கொண்டு வந்தான். பாதி உருகி, வாய் கோணி, ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தது.

"அக்கா, இது நான் குடுத்ததுதானே?"

அவள் கெட்டிலைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். மேலே எரிந்த ஜன்னலைப் பார்த்தாள். படிக்கட்டு, பை மாட்டின பெட்டி, சுட்ட போர்டு எல்லாம் இப்போது அவளுக்கு ஒன்றாகச் சேர்ந்து புரிந்தன.

"நீங்க தீயை நிறுத்தலைங்க" என்றாள். "தீ வரப்போகுதுன்னு சொன்ன எல்லாத்தோட வாயையும் அடைச்சிருக்கீங்க."

வாளியார் கையில் இருந்த சாவியை அவளிடம் நீட்டினார்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. மதிப்பீட்டுக் குழு எதிர்ப்பக்க நடைபாதையில் அவசரக் கூட்டம் போட்டது. நடந்தது என்ன என்று மேலாளரிடம் கேட்டது. 'வெப்ப நிகழ்வு' என்று அவர் எழுத்துமூலமாகத் தெரிவித்தார். கேடய விதிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அதில் 'தீ விபத்து' நடக்கக் கூடாது என்றுதான் இருந்தது, வெப்ப நிகழ்வைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தவிர, கேடயத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவது சிரமம். மறுவாரம் அது வாளியார் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கூடத்திலேயே விட்டுவிட்டு ஓடியதால் ஓரத்தில் கொஞ்சம் கருகியிருந்தது.

அவர் அதை அலமாரியில் வைக்கவில்லை. கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். ஆசைப்பட்ட பொருளைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. மனைவிதான் அதை வெளியே எடுத்து, துடைத்து, நடுத்தட்டில் வைத்தாள். பதக்கத்தை இடதுபக்கம் தள்ளினாள், அவர் அளந்து வைத்த அதே இடத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் உருகின மஞ்சள் கெட்டிலை வைத்தாள். அவர் தடுக்கவில்லை.

போன வாரம் ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்தது. வாளியார் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவர் அடுப்பு பற்றவைத்தால் அணைக்கிற வரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. அணைத்த பிறகும் வால்வை ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறார். கூடத்தில் மனைவி வழக்கம் போல அலமாரியைக் காட்டிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது.

"இது என் தம்பி தீயை அணைச்சதுக்குக் குடுத்தது. இந்தப் பக்கம் இருக்கறது இவருக்கு, ஆபீஸ்ல தீயே இல்லைன்னு குடுத்தது."

"நடுவுல இருக்கறது?"

"அதை யாரும் குடுக்கலை. அந்த ஆபீஸ்லயே எரிஞ்சு போயாவது உண்மையைச் சொன்னது அது ஒண்ணுதான். அதனால நான் எடுத்து வச்சிருக்கேன்."